ஒருவருக்கொருவர் ஊழியம்: மலைச் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய சபையின் உதவிக் குழுவில் நான் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஒன்பது பேர், ஒரு நோட்டு, கம்பளியும் அரிசியும் வைக்க ஒரு அலமாரி. குழு என்பது இவ்வளவுதான். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்று பார்த்துச் செய்கிறோம். புதிதாகச் சபைக்கு வருகிறவர்களும், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய் லீவுக்கு மலையேறி வருகிற எங்கள் பிள்ளைகளும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதிலை எழுதியிருக்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே கொடுத்திருக்கிறேன். எங்கள் பாட்டிமார்களுக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினார். அதில் அப்படி என்ன இருக்கிறது?

யோவான் 13-ஆம் அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அன்றைய யூதேயாவில் மண் பாதை, திறந்த செருப்பு. விருந்தில் நாற்காலி கிடையாது. தாழ்வான பந்தியைச் சுற்றிச் சாய்ந்திருந்து சாப்பிடுவார்கள். ஆகவே வந்தவர் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய மரியாதை. பரிசேயனான சீமோன் அதைச் செய்யாமல் விட்டதை இயேசு அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார் (லூக்கா 7:44). தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரர், குனிந்து கழுவுவது அடிமை. அதுதான் வழக்கம்.

மேல்வீட்டறையில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது, துண்டு இருந்தது, பன்னிரண்டு ஆண்களும் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அதே பந்தியில்தான் வந்தது என்று லூக்கா எழுதுகிறார் (22:24). பெரியவன் யார் என்று பேசிக்கொண்டிருந்தவர்களில் எவன் எழுந்து துண்டை எடுத்திருப்பான்? எடுத்தால் அந்தப் பேச்சில் தோற்றதாகிவிடுமே. அந்த நேரத்தில்தான் இயேசு எழுந்தார்.

மலையில் இருக்கிற நமக்கு இது நன்றாகவே புரிய வேண்டும். ஐப்பசி மழையில் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற ஒரு பெண் பூட்ஸைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறியிருக்கும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். "ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினதுண்டானால், நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்று அவர் சொன்னது அப்படிப்பட்ட கால்களை வைத்துத்தான்.

அன்பு எல்லாருக்கும் பொது. ஏன் விசுவாசிகளுக்கு என்று தனியாகப் பேசுகிறீர்கள்?

கலாத்தியர் 6:10-ல் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்." யாவருக்கும் என்பதுதான் முதலில் வருகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரம் கஞ்சி வாங்க நின்றவர்களிடம் நீங்கள் எந்தக் கோவில், எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம்.

"விசேஷமாக" என்ற சொல்லுக்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம் வேறு. ஊர் பேர் தெரியாதவருக்கு ஒருநாள் உதவி செய்வது எளிது. செய்துவிட்டு வந்துவிடலாம். சபையார் அப்படியில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் என்னை நோகப் பேசியவர் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடன் வாங்கித் திருப்பித் தராதவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். இவர்களோடு வாரா வாரம் ஒரே பந்தியில் கைநீட்ட வேண்டும். "நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்" என்று இயேசு சொன்னது, ஒருவர் குறையை ஒருவர் நன்றாக அறிந்தவர்களிடம். வீட்டுக்குள் கசப்பை வைத்துக்கொண்டு வெளியே வாரி வழங்கினால் ஊர் நம்பாது.

ஊழியம் என்றால் பிரசங்கம், கன்வென்ஷன், கைப்பிரதி. வீட்டு வேலை செய்து கொடுப்பதும் ஊழியமா?

ஆமாம். அந்தச் சொல்லின் பழைய பொருளே அதுதான். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களிடம் கூலி கொடுக்காமல் பிடுங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றுதான் பெயர். சுமை தூக்குவது, ரோடு போடுவது, அரண்மனைக்கு விறகும் ஓலையும் கொண்டு சேர்ப்பது எல்லாம் அதில் அடங்கும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் இருந்து மலைக்கு வந்த குடும்பங்களில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. அவ்வளவு கேவலப்பட்ட சொல்லைத்தான் நம் வேதாகமம் இயேசுவின் மேல் வைக்கிறது: மனுஷகுமாரன் ஊழியங்கொள்ள வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் (மாற்கு 10:45). பிடுங்கப்பட்ட வேலையை மனமுவந்து செய்த வேலையாக அவர் மாற்றினார். இன்று அதே சொல் மேடைக்கும் மைக்குக்கும் உரியதாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

துணைக்குப் போவதில் ஆரம்பியுங்கள். மலையில் இதைவிடப் பெரிய தேவை எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே பார்க்க முடியாத நோய் என்றால் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கொழுந்து எடுத்துப் பிழைக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்தக் காகிதம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். ஒருவர் நோயாளியோடு இருக்க வேண்டும். ஒருவர் சீட்டு வாங்க, ஸ்கேன் எடுக்கும் இடத்தைத் தேட, மருந்து வாங்க ஓட வேண்டும். வீட்டில் பிள்ளையையும் ஆட்டையும் கோழியையும் பார்க்க ஒருவர் வேண்டும். இருப்பதோ இரண்டு பேர். அந்த மூன்றாவது ஆளாக நீங்கள் போகலாம். போகும்போது பாய், போர்வை, பிளாஸ்க், சில்லறை, ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் நீங்கள் ஜெபம் பண்ணுவது நல்லது. அதற்கு முன்னால் அவரைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போங்கள்.

அப்புறம் தண்ணீர். மாசி, பங்குனி வந்தால் சில காலனிகளில் குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான். குழாய் கீழே இருக்கும், வீடு நாற்பது ஐம்பது படி மேலே இருக்கும். எழுபது வயதில் குடத்தோடு அந்தப் படியை யார் ஏறுவது? எங்கள் வாலிபர்களில் நான்கு பேர் தண்ணீர் வரும் நாளில் மூன்று வீடுகளுக்குக் குடம் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் தூங்குகிறவன். அவனைப் பற்றி என்னிடம் யாரும் புகார் சொல்ல வேண்டாம்.

மார்கழி, தை உறைபனியில் தனியாக இருக்கிற முதியவர்களை இரவில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கம்பளி இருக்கிறதா என்பதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துப் படுத்துவிடுவார்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெந்நீர்ப் பையோ இன்னொரு போர்வையோ கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாலை ஜெபக்கூட்டம் முடிந்து யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள் நிற்கிற ஊர் இது. கடைசிப் பாட்டியின் கதவு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகே கூட்டம் முடிந்ததாக நாங்கள் கணக்கு வைக்கிறோம்.

இன்னொன்று. "ஏதாவது வேண்டும் என்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை காலையில் ரேஷன் கடைக்குப் போகிறேன், உங்கள் கார்டையும் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

உதவி செய்யும்போது போட்டோ எடுத்துச் சபை குரூப்பில் போடலாமா? மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்குமே.

வேண்டாம். அரிசிப் பையை வாங்குகிறவருடைய பிள்ளையும் அந்தக் குரூப்பில் இருக்கிறது, அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் இருக்கிறார்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் எதற்கு?

நம் சபையில் இந்த வேலையெல்லாம் பெண்கள்தான் செய்கிறார்கள். அது இயல்புதானே?

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எருசலேம் சபையில் விதவைகளுக்குத் தினமும் சாப்பாடு பகிர்ந்து கொடுத்தார்கள். அதில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழு பேரும் ஆண்கள். பாட்டிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற வேலைக்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஆண்களைத் தேடி, தலையில் கைவைத்து ஜெபம்பண்ணி நியமித்தார்கள். ஊட்டிக்கு வருகிற எல்லாரும் 1830-ல் பிரதிஷ்டை செய்த பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஸ்தேவான்தான் பந்தி விசாரணைக்காரர் பட்டியலில் முதல் பெயர்.

எங்கள் சபை அசனத்தில், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், அண்டா கழுவும் முறை இப்போது ஆண்களுக்கு. முதல் வருடம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது மூப்பர்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பெபேயாள் என்ற சகோதரியைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பவுல் மரியாதையோடு அறிமுகம் செய்கிறார் (ரோமர் 16:1). பெண்கள் செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களிடம் மட்டும் அதைத் தள்ளிவிட்டு ஆண்கள் கமிட்டி கூட்டம் போடுவதுதான் தவறு.

அந்த அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் இன்னொரு பாடமும் எங்களுக்கு இருந்தது. 1964-ஆம் வருட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டேன்டீ. எங்கள் சபையிலும் அப்படி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொடுக்கச் சபைப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டோம். வேறு தோட்டத்திலிருந்து வந்து, சபை மாற்றுக் கடிதம் கொடுக்காத ஐந்து விதவைகள் விடுபட்டார்கள். ஐந்து பேரும் சிலோனிலிருந்து வந்தவர்கள். நாங்கள் வேண்டுமென்று விடவில்லை. எருசலேமிலும் யாரும் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள். அப்புறம்தான் பதிவேட்டை மூடிவிட்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்தோம்.

சிலர் நம் அன்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்களே? எவ்வளவு தூரம் சுமப்பது?

கலாத்தியர் 6:2-ல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று படிக்கிறோம். மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்று வருகிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள். முதலில் வருவது பாரோஸ், ஆளை அழுத்துகிற கனம். இரண்டாவது ஃபோர்த்தியோன், ஒருவர் தனக்கென்று தூக்கிப் போகும் மூட்டை.

தோட்டத்தில் பாருங்கள். அவரவர் எடுத்த கொழுந்தை அவரவர்தான் எடை போடும் இடத்துக்குச் சுமந்து போவார்கள். அதை இன்னொருவர் தூக்க மாட்டார், தூக்கக் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் ஒருத்தி வழுக்கி விழுந்தால், மூட்டையை மட்டுமா, ஆளையே தூக்குவார்கள். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றிப் பவுல் கடுமையாக எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10). மனதில்லாதவனை, முடியாதவனை இல்லை.

நடைமுறையில் நாங்கள் பணம் கையில் கொடுப்பதில்லை. குடிக்கிறவர் வீடென்றால் அரிசி அம்மாவிடம் போகும், பள்ளிக் கட்டணம் பள்ளிக்கே போகும். இதையும் மீறி ஏமாந்திருக்கிறோம், பலமுறை. ஏமாந்த ஒவ்வொரு முறையும் குழுவில் யாராவது, இனி விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும், மனு எழுதி வாங்க வேண்டும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு பொய்யருக்காக ஒன்பது பேரை வாசலில் நிற்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு உதவி செய்யப் பிடிக்கும். ஆனால் யாரிடமும் உதவி வாங்கப் பிடிக்காது. அது தவறா?

இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் தோட்டத்துப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் நான் மட்டும்தான். சபையிலிருந்து கேட்டவர்களிடம் எல்லாம், "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு கையால் அடுப்பு பற்றவைத்தேன், ஒரு கையால் துணி அலசினேன். தலை மட்டும் வாரவே முடியவில்லை. எட்டு நாள் சிக்கு பிடித்துக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு சகோதரி வந்து நின்றார். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறவர், கொழுந்து எடுக்கிறவர். ஏழரைக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். உள்ளே வந்து, வெந்நீர் போட்டு, என்னை மணையில் உட்கார வைத்து, தலைக்கு ஊற்றிவிட்டார். தோட்டத்தில் காய்த்த விரல்கள். சிக்கெடுக்கும்போது ஒரு முடி இழுபடவில்லை. நான் அழுதேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னி முடித்து, டீ போட்டு வைத்துவிட்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் எதற்கு அழுதேன் என்று பிறகு எனக்கே தெளிவானது. அவர் வீட்டுக்குப் பத்து வருடமாக அரிசியும் கம்பளியும் கொண்டுபோயிருக்கிறேன். வாசலில் நின்று கொடுத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாளும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. டீ குடிக்கிறீர்களா அக்கா என்று அவர் கேட்கும்போதெல்லாம், இன்னும் நான்கு வீடு போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பேதுரு செய்ததும் இதுதான். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவக்கூடாது என்றான். கேட்க எவ்வளவு தாழ்மையாக இருக்கிறது! இயேசு அதைத் தாழ்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார். பேதுருவுக்குத் துண்டு எடுக்க மனமில்லை, கால் நீட்டவும் மனமில்லை. இரண்டும் ஒரே பெருமை. வசனமும் "ஒருவருடைய கால்களை ஒருவர்" என்றுதான் சொல்கிறது. ஒருவரே எப்போதும் குனிந்துகொண்டும் மற்றவர் எப்போதும் உட்கார்ந்துகொண்டும் இருப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

நம் சபைக்குள்ளேயும் சாதி பார்க்கிறார்களே. இதில் தாழ்மையான சேவையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டுச் சபைகளின் மிகப் பழைய புண் இது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையை விட்டே வெளியேறியவர்கள் ஏராளம். 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய மதுரை அமெரிக்கன் மிஷன், உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அன்பின் விருந்து வைத்துப் பார்த்தது. வேலையே போனாலும் சாப்பிட மாட்டோம் என்று எழுந்து போனவர்கள் இருந்தார்கள். பிரசங்கம் பண்ணத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதி, கொடுப்பதைத் தடுப்பதில்லை. மேலே இருப்பதாக நினைக்கிறவர் கீழே இருப்பதாக நினைக்கிறவருக்குத் துணி கொடுக்கலாம், நெல் கொடுக்கலாம், தர்மவான் என்று பேரும் வாங்கலாம். அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதைத்தான் சாதி தடுக்கிறது. அதனால் எவ்வளவு அரிசி கொடுத்தோம் என்பதை வைத்து நம்மை நாமே சோதிக்க முடியாது. யார் கையால் சாப்பிட்டோம், யார் வீட்டுப் பாயில் உட்கார்ந்தோம் என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். என்னைச் சோதித்தபோது நான் தவறியிருந்தேன். அதைத்தான் மேலே சொன்னேன்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அங்கே பேசினார். பின்னாளில் தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1 கொரிந்தியர் 13-ஐ வைத்து அவர் மிஷனெரிகளிடம் சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். மிஷனெரிகளிடம் ஓர் இந்தியர் கேட்டதை, இன்று லைன் வீட்டில் இருக்கிற விசுவாசி நம்மிடம் கேட்கலாம். நாம் என்ன சொல்வோம்?

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் உள்ளே போய் உட்கார வேண்டும், கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். நேரம் இல்லை என்றால் அன்றைக்குப் போக வேண்டாம். வீடுகள் குறைந்தன. பரவாயில்லை.

என்னோடு மனஸ்தாபத்தில் இருக்கிறவருக்கு எப்படிச் சேவை செய்வது?

அந்த இரவு யூதாஸ் அப்பத்துணிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே போனது கால் கழுவிய பிறகு. அவன் காலையும் இயேசு கழுவினார், என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்தே.

மலையில் சண்டைகள் பெரும்பாலும் வழிக்கும் தண்ணீருக்கும்தான். பேசி முடிக்க முடியாவிட்டால் பேச்சில் ஆரம்பிக்காதீர்கள். அவர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போய் நில்லுங்கள். கதவைச் சாத்தினால் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். மன்னிப்பு உடனே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிற கணவனையோ, பிள்ளைகளிடம் தவறாக நடக்கிறவரையோ, சபைப் பணத்தைக் கையாடுகிறவரையோ பொறுத்துக்கொள் என்று சொல்வது தாழ்மை ஆகாது. அங்கே அடிபட்டவரைப் பாதுகாப்பான வீட்டுக்குக் கூட்டிப் போவதும், போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைபோவதும்தான் சேவை. "சபைப் பெயர் கெட்டுவிடும்" என்று சொல்லித் தடுக்கிறவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

பெரிய வியாழன் அன்று கால் கழுவும் சடங்கை நாமும் வைக்கலாமா?

வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம், போதகரும் சபையும் ஒத்துக்கொண்டால். ஆதிச் சபையில் பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவுவது விதவைகளின் நற்கிரியைகளில் ஒன்றாக இருந்தது (1 தீமோத்தேயு 5:10). கத்தோலிக்கத் திருச்சபையில் 1955 சீர்திருத்தத்துக்குப் பிறகு அது பெரிய வியாழன் மாலைத் திருப்பலியிலேயே இடம்பெற்றது. 2016-ல் போப் பிரான்சிஸ் பெண்களின் கால்களையும் கழுவலாம் என்று விதியை மாற்றினார். அதற்கு மூன்று வருடம் முன்பே ரோமில் இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பெண்கள் உட்படப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவியிருந்தார்.

எனக்குப் பிடித்தது அட்வென்டிஸ்ட் சபையாரின் முறை. திருவிருந்துக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இவர் அவருக்குக் கழுவுகிறார், அவர் இவருக்குக் கழுவுகிறார். போதகருக்கும் ஒருவர் கழுவுவார். வைப்பதாக இருந்தால் நாமும் அப்படி வைப்போம். வெந்நீராக இருக்கட்டும், ஏப்ரலிலும் இங்கே குளிர்கிறது.

உங்கள் குழுவில் சேர என்ன செய்ய வேண்டும்?

சேர்க்கை எதுவும் கிடையாது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மணிக்கூண்டுக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில் நோட்டு இருக்கும். விரித்தால் இடது பக்கம் "என்னால் முடிந்தது", வலது பக்கம் "எனக்குத் தேவை". எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் சொன்னால் எழுதிக் கொடுக்கும். முதல் இரண்டு வருடம் இடது பக்கம் நிறையும், வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இப்போது அப்படியில்லை. புதிதாக வருகிறவர்கள் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வாரம் வலது பக்கத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. மூன்றாவது பெயர் என்னுடையது. புதன்கிழமை கண் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும், கண்ணில் மருந்து விட்டால் திரும்பி வரும்போது படி தெரியாது, கையைப் பிடித்துக் கூட்டிவர ஒருவர் வேண்டும்.